சாமர்ட்டன் பீச் ஆளோட எழுத்துக்களை பழைய இலக்கியத்துல தேடினா கிடைச்சிடுமா?

நீங்க கேட்டிருக்கறது மேலோட்டமா ஒரு புரோகிராமிங் கேள்வி. 1948-ல ஆஸ்திரேலியாவில பீச்ல செத்துக் கிடந்த ஆளோட புத்தகத்துல இருந்த எழுத்துக்கள் ஒவ்வொண்ணும் ஒரு வார்த்தையோட முதல் எழுத்தா இருந்தா, ஷேக்ஸ்பியர், பைபிள், உமர் கய்யாம்னு மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு அந்த வரிசை எங்க வருதுன்னு தேடிட முடியாதா, ஏன் யாரும் செய்யலைன்னு கேக்கறீங்க. செஞ்சிருக்காங்க, நானும் பொழுதுபோகாம செஞ்சு பாத்திருக்கேன், தேடறதுல ஒண்ணும் கஷ்டமே இல்ல. ஆனா நீங்க கூடவே போட்டிருக்கற ஸ்கிரீன்ஷாட்ல ஒருத்தர் அஞ்சு எழுத்து ஷேக்ஸ்பியர் வசனத்தோட பொருந்துதுன்னு வட்டம் போட்டு காமிச்சு கேஸ் முடிஞ்சுதுங்கறார்ல, அதை நம்பலாமா வேண்டாமாங்கறது தான் உங்க நிஜமான கேள்வின்னு எனக்கு படுது. அஞ்சு எழுத்துன்னா நம்பாதீங்க. ஏன்னு சொல்ல கொஞ்சம் நீளமா எழுத வேண்டியிருக்கு, பொறுத்துக்கோங்க.

கேஸ் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. 1948 டிசம்பர் 1 காலையில அடிலெய்டு பக்கம் சாமர்ட்டன் பார்க் பீச்ல ஒரு ஆள் சுவர் மேல சாய்ஞ்ச மாதிரி செத்துக் கிடந்தார், சட்டை லேபிள் எல்லாம் பிச்சு எடுத்திருந்தது, யாருன்னே தெரியல. அப்புறம் சில மாசம் கழிச்சு அவரோட பேன்ட்ல ஒரு சின்ன பாக்கெட்டுக்குள்ள சுருட்டி வச்ச ஒரு துண்டு பேப்பர் கிடைச்சுது, அதுல அச்சுல "தமாம் ஷுத்", பாரசீகத்துல முடிஞ்சதுன்னு அர்த்தம், உமர் கய்யாமோட பாரசீகப் பாட்டுகளை ஃபிட்ஸ்ஜெரால்டு இங்கிலீஷ்ல பண்ணின ருபாயத் புத்தகத்தோட கடைசி பக்கத்துல வர்ற வார்த்தை. 1949 ஜூலையில ஒருத்தர் தன் கார்ல கிடந்ததுன்னு ஒரு ருபாயத் பிரதியை போலீஸ்ல கொண்டு வந்து குடுத்தார், அதுல கடைசி பக்கத்துல அந்த வார்த்தை இருந்த இடம் கிழிஞ்சிருந்துது, பேப்பரும் அந்த துண்டோட ஒத்துப் போச்சு. பின்னட்டையில பென்சில் அழுத்தம் மாதிரி லேசா அஞ்சு வரி பெரிய எழுத்து, அதை அல்ட்ராவயலட் வெளிச்சத்துல பாத்து படிச்சாங்க. அந்த புத்தகம் இப்ப இல்ல, தொலைஞ்சு போச்சு, நாம எல்லாரும் பாக்கறது போலீஸ் எடுத்த போட்டோ தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

நான் தொழிலா பண்றது டெக்ஸ்ட் டேட்டா வேலை, பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்தி தேடற மாதிரி வைக்கறது, வருஷம் பதினஞ்சு ஆச்சு. ரகசிய குறியீட்டு நிபுணர் எல்லாம் இல்ல. அதனால தேடற விஷயத்துலயும் தற்செயல் கணக்குலயும் நான் சொல்றதை உறுதியா எடுத்துக்கலாம், உளவாளியா இல்லையான்னு எல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. இன்னொண்ணு, இங்கிலீஷ் எழுத்தை தமிழ்ல எழுதறப்போ ஒரு தொல்லை, டெல்லிக்கு வர்ற டியும் குடிக்கற டீயும் ஒண்ணு போல இருக்கு, பாம்பே பியும் பேப்பர் பியும் அதே கதை, அதனால நான் டீன்னு நீட்டி எழுதினா அது குடிக்கற டீ, பின்னு எழுதினா அது பாம்பே பி.

அஞ்சு வரியில ரெண்டாவது வரி கோடு போட்டு அடிச்சிருக்கு. அடிச்சதை விட்டுட்டா மிச்சம் நாலு வரி, 9, 11, 11, 13 எழுத்து, மொத்தம் 44. அடிச்ச வரி தான் எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச இடம். அது எம், எல், ஐ, ஏ, ஓ, ஐ. அதுக்கப்புறம் வேற ஒரு வரி எழுதிட்டு, அதுக்கு அடுத்த வரியில எம், எல், ஐ, ஏ, பி, ஓ, ஏ, ஐ, ஏ, க்யூ, சி. பாத்தீங்களா, அதே ஆரம்பம், நடுவுல ஒரு பியும், ஓக்கு அப்புறம் ஒரு ஏவும் புதுசா நுழைஞ்சிருக்கு. மனப்பாட செய்யுளை பரீட்சையில எழுதறப்போ ஒரு வரியை விட்டுட்டு அடுத்த வரிக்கு தாவிட்டு, அய்யோன்னு அடிச்சுட்டு விட்ட வரியை எழுதிட்டு திரும்ப அந்த வரியை எழுதுவோமே, அப்படியே இருக்கு. பொத்தாம்பொதுவா எழுத்தை கிறுக்கினவன் இப்படி அடிச்சு திருத்த மாட்டான், புத்தகத்தை பக்கத்துல வச்சு பாத்து எழுதினவனும் அநேகமா மாட்டான். ஞாபகத்துல இருந்தோ, சொந்தமா யோசிச்சோ எழுதியிருக்கார்ங்கறது என் ஊகம், நிரூபணம் இல்ல. நாடக நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் பண்ண ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் எழுத்தை மட்டும் எழுதி வச்சுக்கற பழக்கம் இங்கிலீஷ்காரங்ககிட்ட உண்டு, அதனால இலக்கியத்துல தேடறது கிறுக்குத்தனமும் கிடையாது. அடிலெய்டு யுனிவர்சிட்டி புரொஃபசர் டெரெக் அபாட் 2009-ல இருந்து வருஷா வருஷம் மாணவர்களை வச்சு இதை பண்ணிக்கிட்டு இருந்தார், இந்த எழுத்துக்கள் எத்தனை தடவை வருதுங்கற கணக்கு இங்கிலீஷ் வார்த்தைகளோட முதல் எழுத்து கணக்கோட தான் நல்லா ஒத்துப் போகுதுன்னு அவங்க சொன்னாங்க.

சரி, தேடறது எப்படி. பழைய புத்தகங்களை இலவசமா தர்ற குட்டன்பெர்க் மாதிரி வெப்சைட்ல இருந்து புத்தகத்தை வெறும் டெக்ஸ்டா இறக்குங்க, ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்துட்டு முதல் எழுத்தை மட்டும் வரிசையா ஒட்டுங்க, எந்த எழுத்து எந்த பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு தனியா ஒரு பட்டியல். ஒரு கோடி வார்த்தைன்னா ஒரு கோடி எழுத்து, அதாவது வெறும் 10 எம்பி, வாட்ஸ்அப்ல வர்ற காது குத்து வீடியோ இதை விட பெருசு. அதுக்குள்ள ஒரு வரிசையை தேட எந்த ஓட்டை லேப்டாப்பும் போதும். தலைவலி எல்லாம் அதுக்கு முன்னாடி எடுக்கற முடிவுகள்ல தான் இருக்கு, ஹைஃபன் போட்ட வார்த்தை ஒண்ணா ரெண்டா, முன்னாடி அபாஸ்ட்ரஃபி போட்டு டிஸ்னு எழுதற பழைய கவிதை வார்த்தைக்கு முதல் எழுத்து ஐயா டீயா, நாடகத்துல பேசறவர் பேரை சேர்க்கறதா, வரி முடிஞ்சு அடுத்த வரிக்கு போறப்போ தொடரலாமா, பக்கத்துக்கு மேல அச்சடிச்ச தலைப்பு நடுவுல நுழைஞ்சா என்ன பண்றது. இதுல எதை மாத்தினாலும் கிடைக்கற முடிவு மாறும், அதனால தேடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி எழுதி வைங்க, கிடைச்சதுக்கு அப்புறம் விதியை வளைக்க ஆரம்பிச்சா அது தேடல் இல்ல. முதல் வரி எம்-ல தொடங்குதா டபிள்யூ-ல தொடங்குதான்னே சண்டை இருக்கு, கையெழுத்து அப்படி, அதை மட்டும் ரெண்டு விதமாவும் தேடித்தான் ஆகணும்.

இதுல நான் அசிங்கப்பட்ட கதை ஒண்ணு. சில வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி பெரிய டெக்ஸ்ட் குவியல் ஒண்ணு மேல இதை ஓட்டி விட்டுட்டு தூங்கிட்டேன், காலையில பாத்தா கடைசி வரி 13 எழுத்தும் முழுசா மேட்ச். கை நடுங்குது, காபி கூட குடிக்கல, கூட வேலை பாக்கறவருக்கு போன் போட்டு எழுப்பி உளறினேன். அப்புறம் தான் திறந்து பாத்தேன், அந்த குவியலுக்குள்ள இந்த கேஸை பத்தி எவரோ எழுதின கட்டுரை ஒண்ணு கலந்திருக்கு, அதுல அந்த எழுத்துக்களை ஒவ்வொண்ணா இடைவெளி விட்டு அடிச்சிருக்காங்க, என் புரோகிராம் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு வார்த்தையா எடுத்துக்கிட்டு அதோட முதல் எழுத்து அதுவேன்னு சந்தோஷமா பொருத்திடுச்சு. அந்த நண்பர் இன்னமும் டீக்கடையில என்னை பாத்தா "தமாம் ஷுத்" தான். அதுல இருந்து 1948-க்கு முன்னாடி அச்சான புத்தகம் மட்டும் தான் உள்ள விடறது, முன்னுரை உரிம வாசகம் எல்லாத்தையும் வெட்டிட்டு.

இப்ப கணக்குக்கு வரேன். இங்கிலீஷ்ல முதல் எழுத்து எல்லாம் சமமா வராது, டீ-ல தொடங்கறது நூத்துக்கு சுமாரா 16, ஏ 11-க்கு மேல, க்யூ ஆயிரத்துக்கு ரெண்டு தேறினா அதிகம். இதையெல்லாம் சேத்து பாத்தா ஒரு இடத்துல ஒரு எழுத்து தற்செயலா பொருந்தற வாய்ப்பு சராசரியா 15-க்கு ஒண்ணுன்னு வச்சுக்கலாம். அப்போ நாலு எழுத்து வரிசையா பொருந்த 50,625-ல ஒண்ணு, அஞ்சு எழுத்துக்கு 7,59,375-ல ஒண்ணு. ஷேக்ஸ்பியர் எழுதினது மொத்தம் சுமார் 8.8 லட்சம் வார்த்தை, கிங் ஜேம்ஸ் பைபிள் 7.8 லட்சம். ஆக எந்த அஞ்சு எழுத்தை எடுத்தாலும் ஷேக்ஸ்பியர்ல சராசரியா ஒரு இடத்துல சும்மாவே பொருந்தும். இந்த ஆளோட நாலு வரியில அஞ்சஞ்சு எழுத்தா தொடர்ச்சியா துண்டு போட்டா 28 துண்டு வருது, அதனால எந்த ரகசியமும் இல்லாமலேயே ஷேக்ஸ்பியர்ல முப்பதை ஒட்டி மேட்ச் கிடைக்கணும், ஸ்கிரீன்ஷாட்காரர் வட்டம் போட்டது அந்த முப்பதுல ஒண்ணு. எட்டு எழுத்துன்னா கதையே வேற, 256 கோடிக்கு ஒண்ணு, ஷேக்ஸ்பியருக்குள்ள மட்டும் தேடி எட்டு எழுத்து கிடைச்சா நானே எழுந்து உக்காருவேன். ஆனா நாலு வரியையும் எட்டெட்டு எழுத்தா துண்டு போட்டு (16 துண்டு வரும்) 500 கோடி வார்த்தை இருக்கற குவியல்ல தேடினீங்கன்னா திரும்பவும் முப்பது மேட்ச் சும்மா வரும், அங்க பத்துக்கு கீழ எதையும் மதிக்கக் கூடாது. குவியல் பெருசாக பெருசாக குப்பையும் நீளமா வரும், எல்லாத்தையும் போட்டு தேடினா நல்லதுன்னு நினைக்கறவங்க சறுக்கறது இங்க தான். சராசரின்னு சொன்னதையும் பிடிச்சுக்கோங்க, டீ டீ ஏ ஐன்னு மலிவான எழுத்தா இருந்தா மேட்ச் இதை விட கூடும், பைபிள் மாதிரி "அண்ட் இட் கேம் டு பாஸ்"னு ஒரே தொடரை நூத்துக்கணக்கான தடவை சொல்ற புத்தகத்துல கணக்கு இன்னும் கோணும்.

ஒரு உதாரணத்தை கிட்ட வச்சு பாப்போம், அதுவும் அவர் கையில இருந்த புத்தகத்துலயே. ஃபிட்ஸ்ஜெரால்டோட ருபாயத் முதல் பதிப்பு 1859, அதுல 75 பாட்டு, பாட்டுக்கு நாலு வரி, சுமாரா 2,400 வார்த்தை. அதுல எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த பாட்டுல மரத்தடி, ரொட்டி, மதுன்னு சொல்லிட்டு "எ புக் ஆஃப் வெர்ஸ்"னு வரும். முதல் எழுத்து ஏ, பி, ஓ, வி. இங்க நம்ம வரியில எம், எல், ஐக்கு அப்புறம் ஏ, பி, ஓ! முதல் தடவை இதை பாத்தப்போ எனக்கும் புல்லரிச்சுது, சும்மா சொல்லக்கூடாது. ஆனா அதுக்கு முன்னாடி பாட்டுல இருக்கறது வைன், டபிள்யூ, நம்ம வரியில ஐ. பின்னாடி பாட்டுல வி, நம்ம வரியில ஏ. ரெண்டு பக்கமும் உடைஞ்சு போச்சு. கணக்கு போட்டு பாருங்க, ஏ 11.5, பி 4.5, ஓ 7 சதவீதம்னு வச்சு பெருக்கினா 2,400 வார்த்தையில ஏ-பி-ஓ எதிர்பார்க்க வேண்டியது கிட்டத்தட்ட ஒரு தடவை, கிடைச்சதும் ஒண்ணு. புல்லரிச்சதுக்கு மதிப்பு அவ்வளவு தான். (நம்ம கவிமணி இதே இடத்தை "கையில் கம்பன் கவியுண்டு"ன்னு ஆக்கினார், மொழிபெயர்ப்பு மாறினா முதல் எழுத்து எல்லாம் காத்துல போயிடும்ங்கறதுக்கு இதை விட அழகான சாட்சி வேணுமா. ஃபிட்ஸ்ஜெரால்டே சும்மா இருக்கல, பதிப்புக்கு பதிப்பு மாத்திக்கிட்டே இருந்தார், ரெண்டாவது பதிப்புல 110 பாட்டு, மூணாவதுல 101, அதனால ருபாயத்ல தேடினேன்னு யாராவது சொன்னா எந்த பதிப்புன்னு கேளுங்க.)

இன்னொரு வழி, நான் எப்பவும் முதல்ல பண்றது, அரிதான எழுத்துல இருந்து தொடங்கறது. நாலாவது வரியில அந்த க்யூ இருக்கே, அது தங்கம். ஏ, க்யூ, சின்னு வர்ற இடத்தை மட்டும் தேடுங்க, மிச்சம் எல்லாம் தானா கழிஞ்சு போகும். ருபாயத் முதல் பதிப்புல க்யூ-ல தொடங்கற வார்த்தை என் கண்ணுல பட்டது ரெண்டு, பிரபஞ்சத்தோட சண்டையை விட்டுத் தள்ளுன்னு வர்ற இடத்துல "தி குவாரல் ஆஃப்", பந்து கேள்வி கேக்கறதில்லன்னு வர்ற இடத்துல "நோ கொஸ்டியன் மேக்ஸ்". முதல்லதுல க்யூக்கு அப்புறம் ஓ, ரெண்டாவதுல எம், எங்கயும் சி இல்ல. கம்ப்யூட்டரே வேண்டாம், கையாலயே முடிஞ்சு போற வேலை. ஆனா இதுக்கும் ஒரு ஓட்டை உண்டு, அந்த க்யூ நிஜமாவே க்யூவா, இல்ல வால் முளைச்ச ஓவா? மங்கலான பென்சில் அழுத்தத்தை யாரோ பாத்து படிச்சு, அதை போட்டோ எடுத்து, அந்த போட்டோவை நாம பாத்து படிக்கறோம், மூலம் கையில இல்ல.

கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொன்னதுல இன்னொண்ணு, இதை அதிகம் பேர் கவனிக்கறதில்ல. ஃபிட்ஸ்ஜெரால்டு வரிக்கு பத்து சிலபிள் (உச்சரிக்கற அசை), ஷேக்ஸ்பியரோட செய்யுள் வசனமும் பத்து, மிஞ்சினா பதினொண்ணு. "டு பி ஆர் நாட் டு பி"ன்னு தொடங்கற அந்த பிரபல வரியில அவ்வளவு குட்டி குட்டி வார்த்தை, அதுலயே மொத்தம் பத்து வார்த்தை தான். இந்த ஆளோட கடைசி வரியில 13 எழுத்து. 13 வார்த்தைக்கு குறைஞ்சது 13 சிலபிள் வேணுமே, பத்து சிலபிள் வரிக்குள்ள அது எப்படி அடங்கும்? அதனால ஒரு எழுத்து ஒரு வார்த்தை, ஒரு வரி ஒரு செய்யுள் வரின்னு வச்சுக்கிட்டா ருபாயத்தும் ஷேக்ஸ்பியர் செய்யுளும் தேடாமலேயே வெளிய போயிடுது. வரிக்கு 8-ம் 6-மா வர்ற சர்ச் பாட்டு மெட்டுல ரெண்டு வரியை சேத்து எழுதினா 14 சிலபிள் வரும், அதுல அடங்கலாம், நான் தேடறதா இருந்தா இங்கிலீஷ் ஹிம் (சர்ச் பாட்டு) புத்தகங்கள், பாலட்ங்கற நாட்டுப்புற கதைப்பாட்டு பக்கம் தான் முதல்ல போவேன். இல்ல, செய்யுள் வரிக்கும் அவர் எழுதின வரிக்கும் சம்பந்தமே இல்லாம இஷ்டத்துக்கு மடிச்சு எழுதியிருக்கலாம், அப்படின்னா இந்த வாதம் செல்லாது.

எழுத்தை வச்சுக்கிட்டு வாக்கியம் கட்டறவங்க ஒரு தனி ஜாதி. இந்த கேஸை கையாண்ட ஓய்வு பெற்ற டிடெக்டிவ் ஜெரி ஃபெல்டஸ் 2004-ல கடைசி வரிக்கு "இட்ஸ் டைம் டு மூவ் டு சவுத் ஆஸ்திரேலியா மோஸ்லி ஸ்ட்ரீட்"னு ஒரு யோசனை சொன்னார். புத்தகத்துல இருந்த போன் நம்பர் ஒரு நர்ஸோடது, அவங்க இருந்த தெரு மோஸ்லி ஸ்ட்ரீட், கேக்க ஜோரா இருக்கு. ஆனா பாருங்க, அதுவரைக்கும் ஒரு எழுத்துக்கு ஒரு வார்த்தை, ஸ்ட்ரீட்டுக்கு மட்டும் எஸ், டீன்னு ரெண்டு எழுத்து, கடைசியில ஜி, ஏ, பி அந்தரத்துல தொங்குது. அவரும் அதை ஒரு சாத்தியமா தான் சொன்னார், கண்டுபிடிச்சுட்டேன்னு இல்ல. சொந்தமா வாக்கியம் கட்டறதுல இருக்கற சிக்கல், ஒரே 13 எழுத்துக்கு காதல் கடிதமும் எழுதலாம், மளிகை லிஸ்ட்டும் எழுதலாம், எது சரின்னு அந்த எழுத்து சொல்லாது. ஏற்கனவே அச்சான வரியை தேடறதுல அந்த அளவு ஏமாத்து வேலை முடியாதுங்கறதால தான் எனக்கு உங்க கேள்வி பிடிச்சிருந்துது. 1978-ல ஒரு டிவி நிகழ்ச்சிக்காக ஆஸ்திரேலிய ராணுவ இலாகா குறியீட்டு ஆளுங்ககிட்ட குடுத்தப்போ, எழுத்து ரொம்ப கம்மி, இதை வச்சு திருப்தியா பதில் சொல்ல முடியாதுன்னாங்க, குழம்பின மனசோட அர்த்தமில்லாத கிறுக்கலா கூட இருக்கலாம்னும் சொன்னாங்க.

2022 ஜூலையில அபாட்டும் அமெரிக்காவில இருக்கற மரபணு வம்சாவளி நிபுணர் காலின் ஃபிட்ஸ்பேட்ரிக்கும், அந்த ஆள் செத்ததுக்கு அப்புறம் அவர் முகத்தை பிளாஸ்டர்ல எடுத்த அச்சுல ஒட்டியிருந்த முடியில இருந்து டிஎன்ஏ எடுத்து, அவர் கார்ல் வெப், 1905-ல மெல்போர்ன்ல பிறந்த எலக்ட்ரிக்கல் என்ஜினியர்னு அறிவிச்சாங்க. அறிவிச்சப்போ போலீஸ் அதை உறுதிப்படுத்தல. அது சரின்னா, அவருக்கு கவிதை பழக்கமும் உண்டு, குதிரை பந்தயமும் உண்டுன்னு சொல்றாங்க, எழுத்துக்கள் குதிரை பேரா இருக்கலாம்னு அபாட்டே ஒரு யோசனை சொன்னார். சொந்தமா எழுதின கவிதையா இருந்தா எந்த லைப்ரரியிலயும் கிடைக்காது, குதிரை பேரா இருந்தா ஷேக்ஸ்பியர்ல தேடினதுக்கு பதிலா பழைய ரேஸ் பக்கத்தை தேடியிருக்கணும். தேடி கிடைக்கலைன்னா இலக்கியத்துல இல்லன்னு ஆகாது, நாம தேடின பிரதியில, நாம வச்ச விதிப்படி இல்லங்கறது வரைக்கும் தான் சொல்ல முடியும்.

நீங்களே உக்காந்து ஓட்டிப் பாக்க போறீங்கன்னா ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா பண்ணுங்க. நாலு வரியையும் பின்னால இருந்து முன்னால திருப்பி எழுதிக்கோங்க, சி, க்யூ, ஏ, ஐ, ஏன்னு. அதே எழுத்துக்கள், அதே எண்ணிக்கை, ஆனா அதுக்கு அர்த்தம் இருக்க வழியே இல்ல. அதையும் அதே புத்தகக் குவியல்ல அதே விதிகளோட தேடுங்க, எத்தனை எழுத்து வரைக்கும் பொருந்துதுன்னு குறிச்சுக்கோங்க. நேர் வரிசைக்கு ஏழு எழுத்து வந்து, திருப்பினதுக்கும் ஏழு வந்தா மூடி வச்சுட்டு தூங்க போங்க. நான் ஓட்டினப்போ ரெண்டும் மாத்தி மாத்தி ஜெயிச்சுது, ஒரு தடவை திருப்பினது தான் ஒரு எழுத்து அதிகமா வந்துச்சு. உங்களுக்கு நேர் வரிசையில மட்டும் பத்து தாண்டி ஏதாவது வந்தா இங்கயே வந்து புத்தகம், பதிப்பு, பக்கம் மூணையும் போடுங்க, நான் முதல்ல அது எந்த வருஷம் அச்சானதுன்னு தான் பாப்பேன்.